தோவே என்றால் எங்கே

பகல் ஒன்றரை மணிக்கு அந்த ஊரில் வழி கேட்க ஓர் ஆள் கிடைப்பதே அரிதாக இருந்தது. கடைகளுக்கெல்லாம் ஷட்டர் இறங்கியிருந்தது. சன்னல்களின் பச்சை மரக்கதவுகள் பாதி சாத்திக் கிடந்தன. உள்ளே தட்டும் கரண்டியும் உரசும் சத்தம் மட்டும் தெருவுக்கு வந்தது. சாப்பாட்டு நேரம். இத்தாலியின் சிற்றூர்களில் பன்னிரண்டரை வாக்கில் கடையைச் சாத்தினால், சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் பெரும்பாலும் திறக்கிறார்கள். எங்கள் டி. கல்லுப்பட்டியிலும் சித்திரை வெயிலில் இந்த நேரத்துக்குத் தெரு இப்படித்தான் இருக்கும். அதனால் எனக்கு அந்த அமைதி அந்நியமாகப் படவில்லை.

கையில் ஒரு தாள் வைத்திருந்தேன். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. மிலானில் வேலை பார்க்கும் என் மகள் முந்தின இரவு சொல்லச் சொல்ல, நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்ட பத்துப் பன்னிரண்டு சொற்கள் அதில் இருந்தன. ஸ்கூஸி என்றால் மன்னியுங்கள். பெர் அந்தாரே என்றால் போவதற்கு. அ பியேதி, நடந்து. அ தேஸ்த்ரா, வலப்பக்கம். அ ஸினிஸ்த்ரா, இடப்பக்கம். தோவே, எங்கே.

"எதுக்கும்மா இது? போன்ல மேப்பப் போட்டா அதுவே கூட்டிட்டுப் போயிரும்" என்றாள் மகள். எனக்கு அப்படிப் போக விருப்பமில்லை. வேறு எந்த ஊராக இருந்தாலும் மேப்பை நம்பிப் போயிருப்பேன். இந்த ஊருக்கு மட்டும் வாய்விட்டு வழி கேட்டுத்தான் போக வேண்டும் என்று கல்லுப்பட்டியில் விமானச் சீட்டு எடுத்த அன்றே முடிவு செய்திருந்தேன்.

ஊரின் பெயர் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே. வடக்கு இத்தாலியில் மாந்துவா மாவட்டத்தில், கார்தா ஏரிக்குத் தெற்கே இருக்கிறது. 1680 நவம்பர் 8 அன்று இங்கே ஒரு குழந்தை பிறந்தது. பெயர் கோஸ்தாந்த்ஸோ ஜூசெப்பே பெஸ்கி. நமக்கு வீரமாமுனிவர்.

வழி கேட்பதும் சொல்வதும் எங்கள் குடும்பத்தில் சிறிய விஷயம் அல்ல. நாலு ரோடு கூடும் ஊர் எங்களுடையது. ஒரு பக்கம் திருமங்கலம், மதுரை. ஒரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம். மேற்கே பேரையூர். இன்னொரு பக்கம் விருதுநகர். அந்த முக்கில் என் தாத்தா வெற்றிலை பாக்குக் கடை வைத்திருந்தார். காந்தியப் பொருளியல் அறிஞர் குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கழித்த காந்தி நிகேதன் ஆசிரமம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அவரைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள், முதலில் தாத்தா கடை முன்னால்தான் நிற்பார்களாம். தாத்தா உட்கார்ந்தபடி கையை மட்டும் நீட்டி வழி சொன்னதே இல்லை என்று அப்பத்தா சொல்லும். கடையை விட்டு இறங்குவார். கேட்டவரின் தோளைத் தொட்டு, போக வேண்டிய திசைக்குத் திருப்பி நிறுத்துவார். பிறகுதான் பேச்சு. "இப்படியே வடக்காம போங்க. ஒரு புளியமரம் வரும். அதத் தாண்டி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க." சொல்லி முடித்ததும், "எங்க, திருப்பிச் சொல்லுங்க பாப்போம்" என்பார். சரியாகச் சொன்ன பிறகே விடுவார்.

சிறுமியாக இருந்தபோது அந்தத் திண்ணையில் உட்கார்ந்து இதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குமரப்பா 1960 ஜனவரி 30 அன்றே மறைந்துவிட்டார். ஆனால் ஆசிரமத்துக்கு வழி கேட்டு வருவது நிற்கவில்லை, தாத்தாவும் இறங்கி வந்து சொல்வதை நிறுத்தவில்லை.

மிலானிலிருந்து வெனிஸ் போகும் ரயில் பாதையில் தெஸென்ஸானோ என்று ஒரு நிறுத்தம். காஸ்தில்யோனேக்கு ரயில் கிடையாது, இங்கே இறங்கி பஸ் ஏற வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் இறங்கி நடந்ததும் கார்தா ஏரி கண்ணில் பட்டது. இத்தாலியிலேயே பெரிய ஏரி, 370 சதுர கிலோமீட்டர். கண்மாய் பெருகினாலே ஊரெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வருகிற பூமியில் பிறந்தவள் நான். அக்கரை தெரியாமல் நீலமாக விரிந்து கிடந்த அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது, இது கடலில்லை, நல்ல தண்ணீர் என்று எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

பஸ் டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் வாங்கச் சொல்லியிருந்தாள் மகள். அந்தக் கடைகளுக்கு அடையாளம், கருநீலப் பலகையில் வெள்ளையாக ஒற்றை ஆங்கில எழுத்து. டி. எங்கள் ஊர்ப் பெயருக்கு முன்னால் நிற்கும் அதே டி. வெற்றிலை பாக்குக் கடைக்காரரின் பேத்தி, புகையிலைக் கடையில் நின்று வாழ்க்கையின் முதல் இத்தாலிய வாக்கியத்தைச் சொன்னேன். கடைக்காரர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, கேட்காமலே வாசலுக்கு வந்து பஸ் நிற்கும் இடத்தைக் காட்டினார்.

அந்தச் சொற்களைக் கற்ற இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்கூஸி என்று ஒன்று, ஸ்கூஸா என்று ஒன்று. முதலாவது தெரியாதவருக்கும் பெரியவருக்கும். இரண்டாவது நண்பருக்கும் சிறு பிள்ளைக்கும். நம்முடைய வாங்க, வா மாதிரி. "வழி கேக்கும்போது எப்பவும் ஸ்கூஸின்னே சொல்லும்மா, சின்னப் பையனா இருந்தாலும்" என்றாள். மரியாதைக்கு ஒரு தனி வடிவம் வைத்திருக்கிற மொழி என்றதுமே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. வழி தவறிவிட்டேன் என்பதற்கு ஆண் பெர்ஸோ என்பான், பெண் பெர்ஸா என்பாள். வந்தான், வந்தாள் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அதுவும் சிரமமில்லை.

அடுத்தது இரட்டித்தல். நொன்னோ என்றால் தாத்தா, நோனோ என்றால் ஒன்பதாவது. பல்லா என்றால் பந்து, பாலா என்றால் மண் அள்ளும் சவள். மெய்யெழுத்தை அழுத்தாமல் விட்டால் பொருளே மாறிப்போகும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள் என்றாள் மகள். பலியையும் பல்லியையும் மூன்று வயதிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிற நமக்கு இதில் கற்க என்ன இருக்கிறது? இன்னொன்றும் கவனித்தேன். இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரில்தான் முடிகின்றன. காரை காரு என்றும் பஸ்ஸை பஸ்ஸு என்றும் முடித்துச் சொன்னால்தான் எங்கள் ஊர் நாக்குக்கும் நிம்மதி.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சைக்கிளில் போன ஒரு பையனை நிறுத்தி, புனித லுயீஜி பேராலயத்துக்கு வழி கேட்டேன். "ஸெம்ப்ரே த்ரித்தோ" என்றான். எப்போதும் நேரே. சிரித்துக்கொண்டே மிதித்துப் போய்விட்டான். நானும் நேரே போனேன். கொஞ்ச தூரத்தில் பெரிய தெரு வளைந்தது, ஒரு சின்னச் சந்து மட்டும் நேராகப் போயிற்று. நேரே என்றுதானே சொன்னான் என்று சந்துக்குள் நுழைந்தேன். அது வீடுகளின் பின்பக்கமாகச் சுற்றி, ஒரு கல் மதிலில் போய் முடிந்தது.

அந்த மதிலைச் சற்று நேரம் தொட்டுக்கொண்டு நின்றேன். உருண்டை உருண்டையான கூழாங்கற்களை அடுக்கிக் கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கத்துக் குன்றுகளெல்லாம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆல்ப்ஸ் மலையிலிருந்து பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல்லும் மண்ணும்தான். பனியாறு உருகிப் பின்வாங்கிய பிறகு குவியல் அப்படியே நின்றுவிட்டது. அதன் ஓரத்தில் எழுந்த ஊர் இது. இவர்களுக்கும் கல்லுதான் முதல் என்று எண்ணிக்கொண்டேன். திரும்பி நடக்கும்போதுதான் மனசில் பட்டது: "இப்படியே நேரா போங்க" என்று நம் ஊரில் சொன்னால், கண்மாய்க்கரை வளைகிற இடத்தில் யாராவது கரையை விட்டு இறங்கி வயலுக்குள் நேராக நடப்பார்களா? ரோட்டை விடாமல் போ என்பதுதானே அதற்குப் பொருள். சொல்லுக்கு அர்த்தம் தெரிந்திருந்தும், நேரே என்பதை இவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பது எனக்கு அந்த மதிலடியில்தான் விளங்கியது.

பெரிய தெருவுக்கு மீண்டு வந்தபோது எதிரே ஒரு பாட்டி வந்தார். எண்பது வயதுக்குக் குறையாது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. பின்னால் சக்கரம் வைத்த துணிப்பையை இழுத்துக்கொண்டு வந்தார், பையின் வாயில் ரொட்டி ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது. தாளைப் பார்க்காமலே சொன்னேன். "ஸ்கூஸி, சின்யோரா. மி ஸோனோ பெர்ஸா." மன்னியுங்கள் அம்மா, வழி தவறிவிட்டேன்.

அவர் செய்த முதல் காரியம் பையைச் சுவரோரமாகச் சாய்த்து நிறுத்தியது. ஒரு கையால் சொல்கிற விஷயமில்லை அது. இரண்டு கையும் விடுபட்டதும் என் தோளைத் தொட்டு, தெரு வளைகிற பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் பேசத் தொடங்கியிருந்தார். நான் பாதியில் குறுக்கிட்டு, "பியு பியானோ, பெர் ஃபவோரே" என்றேன். இன்னும் மெல்ல, தயவுசெய்து. பியானோ என்பதற்கு அவர்கள் மொழியில் மெதுவாக என்றும் பொருள், சத்தமில்லாமல் மென்மையாக என்றும் பொருள். நம் மெல்ல என்ற சொல்லும் அந்த இரண்டு வேலையையும் அப்படியே செய்கிறது. பாட்டி இரண்டு வகையிலும் மெல்லப் பேசினார். உள்ளங்கையைத் தெருவாக விரித்து, மறு கையின் இரண்டு விரல்களை அதன்மேல் நடக்கவிட்டார். "துயே பாஸ்ஸி" என்றார். இரண்டு எட்டு. "இந்தா, ரெண்டு எட்டு வச்சா வந்துரும்" என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லக்கூடிய அதே பேச்சு.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா என்றேன். அது போதவில்லை அவருக்கு. இந்தியாவில் எங்கே? மதுரை என்றேன். அதிலும் எங்கே என்பதுபோல் தலையை ஆட்டினார். "கல்லுப்பட்டி" என்றேன்.

"கல்லுப்பட்டி" என்றார் பாட்டி.

ஓர் எழுத்துப் பிசகவில்லை. ல்லு, ப்ப, ட்டி மூன்றிலும் அழுத்தம் விழ வேண்டிய அளவுக்கு விழுந்தது. டகரத்தில் மட்டும் நாக்கு கொஞ்சம் முன்னால் தட்டியது, அவ்வளவுதான். சென்னையில் பத்து வருடம் பழகியவர்கள்கூட என் ஊர்ப் பெயரைக் கலுபட்டி என்று சப்பென்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், முதல்முறை கேட்கிற ஒருவர் வாயில் அது முழுசாக வந்தது. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்க எனக்குச் சொல் தெரியவில்லை. கேட்காமலே அவர் இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், வாய்க்கு ருசியாக இருந்ததுபோல.

பிறகு பையை எடுத்துக்கொண்டார். "அந்தியாமோ" என்றார். வாருங்கள், போகலாம். சாப்பாட்டு நேரத்தில், வீட்டுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு, என்னோடு நடந்தார்.

வழியில் செஞ்சிலுவை அருங்காட்சியகம் ஒன்றைக் காட்டினார். உலகத்தில் எத்தனையோ நகரங்கள் இருக்க, இந்தச் சின்ன ஊரில் அது இருப்பதற்குக் காரணம் உண்டு. 1859 ஜூன் 24 அன்று பக்கத்தில் ஸொல்ஃபெரினோவில் பெரும் போர் நடந்தது. ஒரு பக்கம் பிரான்சும் சார்டினியாவும், மறு பக்கம் ஆஸ்திரியா. அடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வண்டிகளிலும் கால்நடையாகவும் இந்த ஊருக்குள் வந்து விழுந்தார்கள். கோயில்களுக்குள் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தார்கள். ஊர்ப் பெண்கள் யார் எந்த நாட்டுச் சிப்பாய் என்று பாராமல் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள், புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். சொந்த வேலையாக அந்தப் பக்கம் வந்திருந்த ஹென்றி டியூனான் என்ற ஜெனீவாக்காரர் அதைப் பார்த்தார். நான்கு ஆண்டு கழித்து 1863இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. 1901இல் அமைதிக்கான முதல் நோபல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டார். வந்தவரை யார் என்று கேட்பதற்கு முன் என்ன வேண்டும் என்று கேட்ட பெண்கள் வாழ்ந்த தெருவில், அவர்கள் வழிவந்த ஒருவரோடுதான் நான் நடந்துகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

பேராலயத்தின் கதவு சாத்தியிருந்தது. படியில் உட்கார்ந்தோம். இங்கே வணங்கப்படும் புனிதர் லுயீஜி கொன்ஸாகா, 1568இல் இதே ஊரின் அரண்மனையில் பிறந்தவர். அவருடைய மண்டையோடு இந்தக் கோயிலில்தான் காக்கப்படுகிறது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் அவரை ஞானப்பிரகாசியார் என்று அழைக்கிறார்கள். நம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞானப்பிரகாசம் என்ற பெயர் புழங்குவது இந்த ஊர்ப் பிள்ளையால்தான். நான் கிறிஸ்தவள் இல்லை. ஆனாலும் ஒரு சிற்றூரின் பெயர் தெரியாமலே அதன் புனிதரின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது பெரிய அதிசயமாகத் தோன்றியது.

எதற்கு வந்தீர்கள் என்று பாட்டி கேட்டார். "பெஸ்கி" என்றேன். "குவாலே பெஸ்கி?" என்றார். எந்தப் பெஸ்கி? இந்த வட்டாரத்தில் அது குடும்பப் பெயர். 2009இல் பக்கத்துப் பெர்காமோவின் ஆயரானவர்கூட ஒரு பெஸ்கிதான். மதுரையில் இறங்கி முத்து வீடு எது என்று கேட்டால் எந்த முத்து என்றுதானே கேட்பார்கள்? முழுப் பெயரையும் சொல்லி, 1680 என்பதைத் தாளில் எழுதிக் காட்டினேன்.

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, மொழி போதவில்லை. சேசு சபைத் துறவியாகி 1710இல் கோவா வந்து இறங்கியவர், பிறகு இந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. அவருக்கு நூறு ஆண்டு முன்பே, 1606இல் மதுரைக்கு வந்து தமிழ் கற்ற இராபர்ட் தெ நோபிலியும் இத்தாலியர்தான். அந்த மதுரை மிஷனில் சேர்ந்த பெஸ்கி கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றினார். எங்கள் வெயிலிலும் எங்கள் கரிசல் மண்ணிலும் நடந்தவர். தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார். இவையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே எல்லாருக்கும் சொல்லித் தருகிறார்கள்.

எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது வேறு. செந்தமிழுக்கு இலக்கணம் எழுதியவர், தெருவில் பேசுகிற தமிழுக்கும் தனியாக ஓர் இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம். புதிதாக வருகிற பாதிரிமார் சாதாரண சனங்களோடு பேசிப் பழக வேண்டும் என்று லத்தீனில் எழுதியது. அவரோடு சமய வழக்கில் கடுமையாக மோதிய தரங்கம்பாடி லுத்தரன் மிஷனே 1738இல் அதை அச்சிட்டது. பகையாளியும் அச்சிட்டுக் கொடுக்கும் அளவுக்கு அந்தப் புத்தகத்துக்குத் தேவை இருந்தது. அவரும் ஒரு நாள், ஏதோ ஓர் ஊர் முக்கில் நின்று, வெயிலில் முகம் சிவந்து, நம் ஆட்களிடம் வழி கேட்டிருப்பார். மெல்லச் சொல்லுங்கள் என்று கெஞ்சியிருப்பார். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தானே பேச்சுத் தமிழ் ஒருவருக்குக் கைவரும்?

இதை எப்படி இத்தாலியத்தில் சொல்வது? தாளைப் புரட்டினேன். தோவே என்று நான் எழுதியிருந்த சொல் கண்ணில் பட்டது. அங்கேயே இருந்தார் அவர்.

பழைய சுவடிகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் தனி உருவம் இல்லை. குறிலுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதுகிறவர்கள் வைக்காமல் விடுவார்கள். கொடி என்று படிப்பதா, கோடி என்று படிப்பதா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெஸ்கி அதற்கு ஒரு வழி செய்தார். நெடிலுக்கு, கொம்பின் தலையில் இன்னொரு சுழி. அந்தச் சுழிதான் இன்று நம் பிள்ளைகள் இரட்டைக் கொம்பு என்று படிப்பது. எங்கே என்பதில் அது இருக்கிறது. போக வேண்டும், மேற்கே, கோயில், ரோடு, மேடு, தேரடி என்று வழி கேட்கிறவனும் சொல்கிறவனும் புழங்குகிற சொற்களை எழுதிப் பாருங்கள், பாதிக்குமேல் அந்தச் சுழி இல்லாமல் நிற்காது. முந்தின இரவு மிலானில் அவருடைய மொழிச் சொல்லை என் எழுத்தில் எழுதியபோது, அவர் கொடுத்த கொம்பை வைத்தே எழுதியிருக்கிறேன். எனக்கே அப்போது தெரியவில்லை.

பேனாவை எடுத்தேன். கெ என்று எழுதி, குறிலாகச் சொன்னேன். பக்கத்தில் கே என்று எழுதி, நீட்டிச் சொன்னேன். சுழியைத் தொட்டுக் காட்டி, "பெஸ்கி" என்றேன்.

பாட்டி தாளை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பேனாவைக் கேட்டு வாங்கி, கெ என்று நான் எழுதியிருந்ததன் கொம்பின் தலையில், நடுங்கும் கையால் ஒரு சுழி போட்டார். "கே" என்றார், நீட்டி. தமிழ் தெரியாத அந்த விரல்கள் போட்ட சுழி சரியான இடத்தில், சரியான பக்கம் திரும்பி விழுந்திருந்தது.

கதவு திறந்தது. உள்ளே குளிர்ந்த இருட்டும் மெழுகு வாசனையும் இருந்தன. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியே வந்தேன். போயிருப்பார் என்று நினைத்த பாட்டி, படியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்குத் திரும்பிப் போகிற வழி எனக்குத் தெரியாது என்பது அவருக்கு நினைவிருந்தது.

எழுந்து நின்று, தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டு வழி சொன்னார். முதலில் இடப்பக்கம். மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை வரும். அங்கே வலப்பக்கம். அதற்கப்புறம் ஸெம்ப்ரே த்ரித்தோ. சொல்லி முடித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் என் முகத்தையே பார்த்தார். எதற்கு நிற்கிறார் என்று ஒரு கணம் புரியவில்லை.

பிறகு புரிந்தது. "அ ஸினிஸ்த்ரா" என்று தொடங்கினேன். தலையசைத்தார். "ஃபார்மச்சியா. அ தேஸ்த்ரா." தலையசைத்தார். "ஸெம்ப்ரே த்ரித்தோ" என்று தகரத்தை நன்றாக அழுத்திச் சொன்னேன்.

"பிராவா" என்று சொல்லிக் கையை விட்டார்.